கடற்கரை ஆர்.வி. முகாம்

படுக்கை, அடுப்பு, குளியலறை, கழிப்பறை ஆகியவற்றைத் தம்முள்ளேயே கொண்ட வண்டிகளைக் கடலோரத்தில் நிறுத்திச் சில இரவுகள் தங்குவதற்கு வாடகைக்கு விடப்படும் இடம் கடற்கரை ஆர்.வி. முகாம். 'ரெக்ரியேஷனல் வெஹிக்கிள்' என்பதன் சுருக்கமே ஆர்.வி. தானே ஓடும் மோட்டார்ஹோம், பிக்கப் டிரக்கின் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர், வேனுக்குள் அடக்கிய சிறுவீடு எல்லாம் இதில் சேரும். அமெரிக்காவின் மூன்று கடற்கரைகளிலும் இத்தகைய முகாம்கள் உண்டு. எனினும் கலிபோர்னியாவில் இவை வணிகமாக மட்டும் வளரவில்லை, சட்டத்தின் துணையோடும் வளர்ந்தன. ஆகவே இக்கட்டுரை பெரிதும் அம்மாநிலத்தையே சான்றாகக் கொள்கிறது. கடலோரத்தில் மனிதர் இரவு தங்கச் செய்துகொண்ட ஏற்பாடுகளில் கரைக்கும் பொதுமக்களுக்கும் மிகக் குறைந்த தீங்கு செய்வது இதுதான் என்பது இங்கே முன்வைக்கப்படும் கருத்து. அந்தத் தகுதி இரண்டு நிபந்தனைகளைப் பொறுத்தது. நிலம் பொதுச்சொத்தாக இருக்க வேண்டும். வந்த வண்டி திரும்பிப் போக வேண்டும்.

முகாமின் அமைப்பு எளிது. எண்ணிட்ட ஒரு மனை, அதில் வண்டி நிற்கச் சமன் செய்த தரை, ஒரு மேசை, தீ மூட்ட ஒரு வளையம். வசதி கூடிய இடங்களில் மனையோரக் கம்பத்தில் மின்சாரமும் குழாயில் நல்ல தண்ணீரும் கிடைக்கும். கழிவுநீர்க் குழாயும் இருந்தால் அது 'முழு இணைப்பு' மனை. மின் இணைப்பு பொதுவாக 30 ஆம்பியர் அல்லது 50 ஆம்பியர். 120 வோல்ட்டில் முன்னது 3,600 வாட் தரும். ஒரு குளிர்சாதனத்துக்கும் சில்லறைப் பயன்பாட்டுக்கும் அது போதும். இரண்டு மின்கம்பிகளைக் கொண்ட பின்னது 12,000 வாட் வரை தரும். பெரிய மோட்டார்ஹோம்களுக்கு அதுவே தேவை. இணைப்பே இல்லாத மனைகளில் வண்டி தன் கையிருப்பை நம்பி வாழ்கிறது. நல்ல நீருக்கு ஒரு தொட்டி, பாத்திரம் கழுவிய, குளித்த நீருக்கு ஒன்று, கழிப்பறைக் கழிவுக்கு ஒன்று என மூன்று தொட்டிகள் வண்டியின் அடியில் இருக்கும். கழிவுத் தொட்டிகள் நிறைந்ததும் அதற்கென்று ஒதுக்கிய நிலையத்தில்தான் திறந்துவிட வேண்டும். ஆரஞ்சு கவுண்டியின் டோஹேனி கடற்கரையில் வண்டிகள் இணைப்பின்றியே நிற்கின்றன. அதே கவுண்டியின் போல்சா சீக்காவில் மின்சாரமும் தண்ணீரும் உண்டு, ஆனால் கூடாரத்துக்கு இடமில்லை. கடலருகே நிற்கும் வண்டிக்கு உப்புக்காற்று பெரும் பகை. அடிச்சட்டம், பிரேக், மின் இணைப்பான்கள் எல்லாம் துருவேறும். திரும்பியதும் அடிப்பகுதியை நல்ல நீரால் கழுவாதவர் அதற்கான விலையைச் சில ஆண்டுகளில் மெக்கானிக்கிடம் கொடுப்பார்.

வண்டியின் வரலாறு முகாமின் வரலாற்றைவிடப் பழையது. 1910-லேயே பியர்ஸ்-ஏரோ நிறுவனம் படுக்கையும் கழிப்பறை வசதியும் கொண்ட காரை விற்பனைக்குக் காட்டியது. அது செல்வந்தரின் விளையாட்டுப் பொருள். 1960-களில்தான் மோட்டார்ஹோம் நடுத்தரக் குடும்பங்களைப் பரவலாக எட்டியது. 1962-இல் மொன்டானாவின் பில்லிங்ஸ் நகரில், சியாட்டில் உலகக் கண்காட்சிக்குப் போகும் பயணிகளை எதிர்பார்த்து ஆற்றங்கரையில் தொடங்கிய ஒரு முகாம் கே.ஓ.ஏ. என்ற பெரும் சங்கிலியாக வளர்ந்தது. 1966-இல் அயோவாவின் வின்னபேகோ நிறுவனம் மோட்டார்ஹோம்களைத் தொழிற்சாலை வரிசையில் செய்யத் தொடங்கி விலையைக் குறைத்தது. பெருந்தொற்றுக்காலத்தில் விடுதிகளுக்கு அஞ்சிய குடும்பங்கள் இதை நாடின. 2021-இல் மட்டும் ஆறு லட்சம் ஆர்.வி.கள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. கடலோர மனைகளின் எண்ணிக்கை மட்டும் அந்த வேகத்தில் கூடவில்லை. கடற்கரை நீளாது.

அந்தக் கரையில் யார் உறங்கலாம் என்ற கேள்வியே இப்பொருளின் அச்சாணி. கலிபோர்னியாவின் கடலோரம் ஏறத்தாழ 1,770 கிலோமீட்டர். 1960-களில் அது வேலியிட்ட தனியார் வீடுகளின் வரிசையாக மாறிவருவதைக் கண்ட வாக்காளர்கள், 1972-இல் 20-ஆம் முன்மொழிவை ஏற்றுக் கடலோர ஆணையத்தை உருவாக்கினர். 1976-இல் வந்த கடலோரச் சட்டம் அதை நிலைப்படுத்தியது. அச்சட்டத்தின் 30213-ஆம் பிரிவு, குறைந்த செலவில் வருவோர் தங்கவும் பொழுதுபோக்கவும் உதவும் வசதிகளைக் காக்க வேண்டும், ஊக்குவிக்க வேண்டும், இயன்றவரை வழங்க வேண்டும் என்கிறது. இந்தப் பிரிவின் பயன் தாளோடு நிற்கவில்லை. கரையில் விலையுயர்ந்த ஹோட்டல் கட்ட அனுமதி கேட்பவரிடம், அதற்கு ஈடாக மலிவான தங்குமிடங்களுக்கென்று ஆணையம் தொகை கேட்டுப் பெற்றிருக்கிறது. சான் டியேகோ கவுண்டியின் தென் கார்ல்ஸ்பாட் குன்றின் மேல் வரிசையாக நிற்கும் வண்டிகள், சந்தையின் போக்குக்கு விட்டிருந்தால் பல கோடி டாலர் மாளிகைகள் எழுந்திருக்கக்கூடிய நிலத்தில் நிற்கின்றன. சான் ஒனோஃப்ரேவில் கைவிடப்பட்ட பழைய 101-ஆம் நெடுஞ்சாலையே முகாமாயிற்று. அந்நிலம் கடற்படையிடமிருந்து குத்தகைக்கு வந்தது. வென்ச்சுரா கவுண்டியின் ரின்கான் பார்க்வே இன்னும் எளிது: சாலையோரத்தில் கோடு போட்டு, வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அழகில்லை என்று சிலர் முகம் சுளிக்கலாம். அலையிலிருந்து சில அடி தூரத்தில் ஒரு ஓட்டுநரோ ஆசிரியையோ வாரக் கடைசியைக் கழிக்க வேறு வழி அந்தக் கரையில் அரிது.

இனி கரையின் பக்கம். மணற்கரை நிலையான நிலம் அன்று. புயலும் அலையும் அதை ஓயாமல் இடம் மாற்றுகின்றன. வட கரோலினாவின் கேப் ஹேட்டரஸ் கலங்கரை விளக்கம் 1870-இல் கட்டியபோது கடலுக்கு நெடுந்தொலைவில் இருந்தது. அலை அதன் காலடிக்கே வந்துவிட்டதால் 1999-இல் சுமார் 4,800 டன் எடையுள்ள அக்கோபுரத்தை அப்படியே தூக்கி, 2,900 அடி உள்ளே நகர்த்தினார்கள். அதே தீவுத் தொடரில் உள்ள ரோடாந்தே ஊரில் நகர்த்தப்படாத வீடுகள் 2020 முதல் ஒவ்வொன்றாகக் கடலில் விழுகின்றன. பத்துக்கும் மேற்பட்டவை போயின. ஆணியும் பலகையும் கழிவுத்தொட்டியும் கரை நெடுகச் சிதறின. அடித்தளம் போட்ட, நகர்த்தப்படாத வீட்டுக்கு மணற்கரையில் இரண்டே வழி: சுவர் எழுப்புவது, அல்லது விழுவது. சுவரோ தன் முன்னால் உள்ள மணலை அலையிடம் கொடுத்துவிடுகிறது. வீடு பிழைக்கும், கடற்கரை போய்விடும். ஆர்.வி. முகாமில் இழக்க இருப்பது கொஞ்சம் தார்த்தரை, சில மின்கம்பங்கள், ஒரு கழிப்பறைக் கட்டடம். புயல் எச்சரிக்கை வந்தால் குடியிருப்பு முழுவதும் சாவியைத் திருப்பிப் புறப்பட்டுவிடும்.

இதற்கு எதிராக வைக்கத்தக்க வலுவான சான்று கலிபோர்னியாவிலேயே இருக்கிறது. சாண்டா குரூஸ் கவுண்டியின் சீக்ளிஃப் கடற்கரையில், முதல் உலகப்போர்க் காலத்துக்கென்று திட்டமிட்ட கான்கிரீட் கப்பல் 'பாலோ ஆல்ட்டோ' தரைதட்டிக் கிடக்கிறது. அதற்கு எதிரே, குன்றுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய பட்டையில், மணலையொட்டி ஆர்.வி. மனைகள் இருந்தன. அவற்றைக் காக்க மரத்தால் கடற்சுவர் எழுப்பினார்கள். 1983-ஆம் ஆண்டு எல் நினோ புயல்கள் அதை உடைத்தன. பழுது பார்த்து மீண்டும் நிறுத்தினார்கள். 2023 ஜனவரிப் புயல் முகாமையும் சுவரையும் சிதைத்தது. கப்பலை நோக்கிச் சென்ற பழைய மரப்பாலமும் மீட்க முடியாமல் இடிக்கப்பட்டது. அப்படியானால் முகாமும் கரைக்குப் பாரம்தானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் சீக்ளிஃப் முகாமின் பிழை, வண்டி நிற்கும் இடத்தை வீட்டைப்போல் நினைத்து, அதற்காகச் சுவர் கட்டியதில் இருக்கிறது. சுவர் இல்லாத முகாமைப் பத்து அடி உள்ளே தள்ளலாம், சில மனைகளைக் கைவிடலாம், மழைக்காலத்தில் மூடி வைக்கலாம். சக்கரம் கொடுத்த சலுகையைக் கான்கிரீட்டும் மரமும் பறித்துக்கொள்ளக் கூடாது. கரையோர முகாமைத் திட்டமிடும் எவருக்கும் சீக்ளிஃப் முதல் பாடமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது எதிர்ப்பு செலவைப் பற்றியது. புதிய மோட்டார்ஹோம் ஒன்றின் விலையில் பல ஊர்களில் வீடே வாங்கலாம். எரிபொருள், காப்பீடு, ஆண்டு முழுவதும் நிறுத்திவைக்கும் வாடகை தனி. இப்படிப்பட்டவர்களுக்கா பொது நிலத்தில் சலுகை? இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. நாற்பதடி நீள வண்டியில் செல்வத்தைக் காட்டிக்கொண்டு வருபவரும் முகாமில் உண்டு. ஆனால் பக்கத்து மனையில் நிற்பது பெரும்பாலும் இருபது ஆண்டுப் பழைய டிரெய்லராகவோ, மூன்று குடும்பங்கள் சேர்ந்து எடுத்த வாடகை வண்டியாகவோ இருக்கும். பல முகாம்களில் கூடாரத்துக்கும் அதே வரிசையில் இடம் உண்டு. கலிபோர்னியாவின் கார்பிண்ட்டேரியா கடற்கரை அப்படிப்பட்ட இடம். நியாயமான திருத்தம் முகாமை மூடுவதல்ல, கூடார மனைகளை ஒழித்துவிட்டுப் பெருவண்டிகளுக்கே இடம் ஒதுக்கும் போக்கை நிறுத்துவது. இவ்வகையில் போல்சா சீக்காவின் ஏற்பாடு குறையுடையது.

சூழல் பற்றிய புகாரையும் தட்டிக்கழிக்க முடியாது. ஜெனரேட்டர் ஓசை, விறகுப் புகை, கவனமின்றித் திறந்துவிடும் கழிவுத் தொட்டி ஆகியவை உண்மையான தொல்லைகள். சான் லூயிஸ் ஒபிஸ்போ கவுண்டியின் ஓசியானோ மணற்குன்றுகளில் வண்டிகளை நேரே கடற்கரை மணலில் ஓட்டி முகாமிடலாம். அங்கே முட்டையிடும் உப்புக்கொத்திகளுக்கும், குன்றுகளின் தூசியைச் சுவாசிக்கும் அண்டை ஊர்களுக்கும் நேரும் பாதிப்பைக் காட்டி, மணலில் ஓட்டும் கேளிக்கை வண்டிகளைப் படிப்படியாக நிறுத்தக் கடலோர ஆணையம் 2021-இல் முடிவெடுத்தது. வழக்குகள் தொடர்ந்தன. எனினும் அந்தத் தகராறின் மையம் மணலில் ஓடும் வண்டி. நிற்கும் வண்டி அன்று. கட்டிய மனையில் நின்று, குறித்த நிலையத்தில் கழிவை இறக்கி, இரவு பத்து மணிக்கு அமைதியாகும் முகாமை அதோடு சேர்த்துத் தண்டிப்பதில் நியாயமில்லை.

தனியார் நிலத்தில் அமைந்த முகாம்களின் கதை வேறு. புளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸ் கடற்கரையில் ரெட் கோக்கனட் முகாம் தலைமுறைகளாக இருந்தது. 2022 செப்டம்பர் 28 அன்று இயன் சூறாவளி அதைத் துடைத்தெடுத்தது. அடுத்த ஆண்டே நிலம் 5.2 கோடி டாலருக்குக் கட்டுமான நிறுவனத்திடம் கைமாறியது. புயலுக்குப் பிறகு பொது முகாம் பழுதோடு காத்திருக்கும். தனியார் முகாமோ விலைக்குப் போகும். மறுபுறம், பொது நிலமும் தானே காப்பாற்றிவிடாது என்பதற்கு சான் டியேகோவின் மிஷன் விரிகுடா சாட்சி. அங்கே டி ஆன்சா முனையில் 1950-களில் தொடங்கிய டிரெய்லர் பூங்காவில் சக்கரங்கள் மெல்ல அசையாமல் போயின. தங்கியவர்கள் நிரந்தரக் குடிகளாயினர். 2003-இல் குத்தகை முடிந்த பின்னும் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. அவர்களை வெளியேற்றியது கொடுமை என்பதில் ஐயமில்லை. ஆனால் பொதுக் கரை அத்தனை ஆண்டுகள் சிலரின் முற்றமாக இருந்ததும் உண்மை. தங்கும் நாளுக்கு வரம்பு வைப்பது இதனால்தான் கண்டிப்பு அன்று, முகாமின் உயிர்நாடி.

வருவோர் மிகுதியால், அந்த வரம்புக்குள் இடம் பிடிப்பதே இன்று புதுத் தகராறாகியிருக்கிறது. கலிபோர்னியாவின் மாநில முகாம்களில் முன்பதிவு ஆறு மாதம் முன்னதாகத் திறக்கிறது. கோடைக்கால மனைகள் நிமிடங்களில் தீர்ந்துவிடும். பதிவு செய்துவிட்டு வராதவர்களால் அதே மனைகள் காலியாகக் கிடப்பதும் உண்டு. இதைத் தடுக்கவே, கடைசி நேரத்தில் ரத்து செய்வோரும் வராதோரும் கட்டணத்தை இழக்கும்படி 2023-இல் மாநிலம் சட்டம் இயற்றியது. வண்டி எடுத்துக் கடலோரம் போக விரும்புபவர் காலண்டரில் ஆறு மாதத்தைப் பின்னோக்கி எண்ணிப் பதிவு செய்யட்டும். போக இயலாதென்று தெரிந்த அன்றே ரத்தும் செய்துவிடட்டும்.