புதிய பாதையும் பழைய பாதையும்: அதிவேகப் புகையிரத சேவை பற்றிய ஓர் ஒப்புநோக்கு

புகையிரதத்தின் வரலாற்றை வேகத்தின் வரலாறாகவே எழுதும் வழக்கம் பரவலாகக் காணப்படுகின்றது. ஆயின், அதிவேக சேவைக்கும் வழமையான சேவைக்கும் இடையேயுள்ள வேறுபாடு இயந்திரத்தின் ஆற்றலில் மட்டும் தங்கியிருப்பதன்று. புதிய பாதை பழைய பாதையுடன் எத்தகைய உறவினைக் கொண்டது என்பதும் அதனோடு சேர்த்து ஆராயப்படல் வேண்டும். யப்பான், பிரான்சு, சுவிற்சலாந்து ஆகிய நாடுகளின் அனுபவம் இதனைத் தெளிவாக்கும்.

யப்பானில் 1872 இல் சிம்பாசிக்கும் யோக்கோகாமாவுக்குமிடையே முதற் புகையிரத சேவை தொடங்கப்பட்டபோது 1067 மில்லிமீற்றர் அகலமுடைய ஒடுங்கிய பாதையே தெரிவுசெய்யப்பட்டது. 1950களில், தோக்கியோவையும் ஒசாக்காவையும் இணைத்த தொக்கைடோப் பாதை, நாட்டின் புகையிரதப் பாதைகளின் நீளத்தில் ஏறத்தாழ 3 வீதமேயாயினும், போக்குவரத்தில் ஏறத்தாழக் காற்பங்கினைச் சுமந்தது. நெரிசல் மிக்க அவ்வொடுங்கிய பாதையில் வேகத்தைப் பெருக்குவது அரிதாகவே, 1435 மில்லிமீற்றர் அகலத்தில் முற்றிலும் வேறான பாதையொன்று அமைக்கப்பட்டது. உலக வங்கி 1961 இல் இதற்கு 80 மில்லியன் டொலர் கடன் வழங்கியது. 1964 ஒக்டோபர் 1 இல் சேவை ஆரம்பமாயிற்று. ஆறரை மணித்தியாலப் பயணம் நான்கு மணித்தியாலமாகவும், 1965 இல் 3 மணி 10 நிமிடமாகவும் குறைந்தது.

பிரான்சின் நிலை வேறானது. அங்கு பழைய பாதையும் புதிய பாதையும் ஒரே அகலமுடையன. 1981 செப்ரெம்பரில் பாரிசுக்கும் லியோனுக்குமிடையே சேவை தொடங்கியபோது, புதிய பாதையில் மணிக்கு 260 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிய வண்டிகள் நகரங்களுள் பழைய பாதை வழியாகவே நுழைந்தன. லியோனுக்கு அப்பாலும் பழைய பாதையிலேயே சென்றன. பெயர்களும் இவ்வேறுபாட்டைக் காட்டுகின்றன. யப்பானியரின் ‘சின்கான்சென்’ என்பது ‘புதிய பெரும்பாதை’ எனப் பொருள்படும், பிரெஞ்சுக்காரரின் ‘ரீ.ஜீ.வீ.’ என்பதோ ‘பெருவேக வண்டி’ என்பதன் சுருக்கமாகும். முன்னவர் பாதைக்குப் பெயரிட்டனர். பின்னவர் வண்டிக்குப் பெயரிட்டனர்.

புதிய பாதையினால் இடையிலுள்ள ஊர்கள் அடைந்தது யாது என்னும் வினா இங்கு முக்கியமானது. 1997 இல் தக்காசாக்கிக்கும் நாகானோவுக்குமிடையே சின்கான்சென் திறக்கப்பட்டபோது, 1893 முதல் இயங்கிவந்த யோக்கோகாவா–கருயிசாவா மலைப்பாதை மூடப்பட்டது. அதற்கீடாகப் பேருந்து விடப்பட்டது. கருயிசாவாவுக்கு அப்பாலுள்ள பழைய பாதையின் ஒரு பகுதி, மாகாண நிருவாகமும் உள்ளூராட்சி மன்றங்களும் பங்குகொண்ட புதிய நிறுவனமொன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. நெடுந்தூரப் பயணிகள் பெற்ற நேரச் சேமிப்பின் மறுபக்கமாக, உள்ளூர்ப் பயணிகளின் பாதையைப் பேணும் பொறுப்பு உள்ளூரவர் மீது விழுந்தது.

சுவிற்சலாந்து பிறிதொரு வழியை மேற்கொண்டது. 1987 இல் மக்கள் வாக்கெடுப்பில் அங்கீகரிக்கப்பட்ட ‘பான் 2000’ திட்டம், உச்சவேகத்தை அன்றி, இணைப்பினையே நோக்காகக் கொண்டது. முக்கிய சந்திகளுக்கிடையேயான பயணம் ஒரு மணித்தியாலத்திற்குச் சற்றுக் குறைவாக இருப்பின், பல திசைகளிலிருந்தும் வரும் வண்டிகள் ஒரே வேளையில் சந்தித்துப் பயணிகளை மாற்றிக்கொள்ளலாம். ஆகவே தேவையான இடத்தில் மட்டும் புதிய பாதை அமைக்கப்பட்டது. 2004 டிசெம்பரில் மற்ஸ்டெற்றன்–றோத்றிஸ்ற் பாதை திறக்கப்பட்டதும், சூரிச்–பேர்ண் பயணம் ஒரு மணித்தியாலத்திற்குள் அடங்கிற்று. அதன் பயன் கிளைப்பாதைகளில் வாழும் மக்களையும் சென்றடைந்தது.

இவற்றுள் ஒன்றே சிறந்ததெனத் துணிதல் பொருந்தாது. தொக்கைடோவின் நெரிசலைச் சுவிற்சலாந்தின் முறை தீர்த்திருக்கமாட்டாது. எனினும், இரு பெருநகரங்களுக்கிடையேயான நேரத்தை மட்டும் அளக்கும் ஒப்பீடு குறையுடையதே. பழைய பாதையில் எஞ்சிய வண்டிகள் எத்தனை, அவை யாருக்காக ஓடுகின்றன என்பவற்றையும் சேர்த்து அளக்கும்போதே ஒரு நாட்டின் புகையிரத முன்னேற்றம் முழுமையாகப் புலப்படும்.