கதை தொடங்கிய ஊரில் ஒரு கல்வெட்டு

கல்கியின் 'பொன்னியின் செல்வ'னை முதன்முறை வாசிக்கும்போது நாம் எல்லோருமே வந்தியத்தேவனின் குதிரைக்குப் பின்னால்தான் ஓடுகிறோம். மூன்றாம், நான்காம் வாசிப்பில்தான் வழியிலிருக்கும் ஊர்கள் கண்ணில் படத் தொடங்குகின்றன. 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வெளிவந்த அந்தப் புதினத்தை அண்மையில் மீண்டும் எடுத்தபோது, எனக்கு முதல் அத்தியாயத்தைத் தாண்ட மனம் வரவில்லை. ஆடிப் பதினெட்டு, வீரநாராயண ஏரிக்கரை. அந்த ஊரைப் பற்றி மேலும் அறியலாமே என்று இணையத்தில் தேடப் போய், 'எபிகிராபியா இண்டிகா' 21-ஆம் தொகுதியின் மின்வருடலில் வந்து நின்றேன். நீலகண்ட சாஸ்திரியார் அதில் பதிப்பித்திருக்கும் உடையார்குடிக் கல்வெட்டுதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

உடையார்குடி, இன்றைய காட்டுமன்னார்கோயிலின் ஒரு பகுதி. சோழர் காலத்தில் இது வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம். அங்குள்ள அனந்தீசுவரர் கோயிலில் இராசகேசரி ஒருவரின் இரண்டாம் ஆட்சியாண்டில் அக்கல்வெட்டு பொறிக்கப்பட்டது. அந்த இராசகேசரி முதலாம் இராசராசனே என்று கொள்வது வழக்கம். ஆகவே காலம் ஏறத்தாழ கி.பி. 987. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகிய சகோதரர்களை அக்கல் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கதை எங்கே தொடங்குகிறதோ, அதே ஊரின் கோயிற்சுவரில் கதையின் பெருந்துயரத்துக்கான சான்று காத்திருக்கிறது!

புதினத்தில் இரவிதாசன் பாண்டியனின் ஆபத்துதவி. நள்ளிரவில் ஆந்தைபோலக் குரல் கொடுப்பவன். கல்வெட்டிலோ அவன் 'பஞ்சவன் பிரமாதிராசன்'. அவன் தம்பி 'இருமுடிச்சோழ பிரமாதிராசன்'. பிரமாதிராசன் என்பது அந்தண உயர் அதிகாரிகளுக்கு அரசு வழங்கிய பட்டம். கொலைக்கான காரணத்தைக் கல்வெட்டு சொல்லவில்லை. கொலையாளிகளின் உடலுக்கு என்ன நேர்ந்தது என்றும் சொல்லவில்லை. உத்தம சோழருக்கு இதில் பங்குண்டோ என்று சாஸ்திரியார் ஐயுற்றார். சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார். அந்த விவாதத்தை நம்மில் பலர் அறிவோம்.

ஆனால் இம்முறை என்னை நிறுத்தியது வேறு. அக்கல்வெட்டு கொலையைப் பற்றியதே அன்று, நிலத்தைப் பற்றியது. துரோகிகளைச் சார்ந்தோரின் உடைமைகளை விற்குமாறு ஊர்ச் சபைக்கு அரசாணை வருகிறது. அப்படி விற்கப்பட்ட நிலத்தை ஒருவர் வாங்கி, கோயிலில் தண்ணீர் வழங்கவும் அந்தணர் உண்ணவும் அறமாக அளிக்கிறார். அந்த அறத்தைப் பதிவு செய்வதே கல்லின் நோக்கம். கொலைச் செய்தி, நிலம் எப்படி விற்பனைக்கு வந்தது என்பதற்கான முன்கதை மட்டுமே.

யாருடைய உடைமைகள்? பட்டியல் நீள்கிறது. தம்பியர், மக்கள், பெண் கொடுத்த மாமன்மார், தாயுடன் பிறந்த மாமன்மார், உடன்பிறந்த பெண்களை மணந்தவர்கள், மகள்களை மணந்தவர்கள். பெரியநங்கைச் சாணி என்ற ஒரு தாயின் பெயரும் அதில் இருக்கிறது. கொலை நடந்து பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்த நேரம் அது. கொலையைப் பற்றி ஏதும் அறியாமலே அவ்வீட்டில் பெண்ணெடுத்த மருமகன் ஒருவனும் அப்பட்டியலில் அடங்கியிருக்கக்கூடும்.

கல்கி இப்பெயர்களைக் கொண்டு மறக்கவியலாத சதிகாரர்களைப் படைத்தார். புதினத்துக்கு அது போதும். ஆனால் அவர்களுக்கும் மாமியார் வீடு இருந்தது, வயல் இருந்தது, ஒருநாள் அது கைவிட்டுப் போனது என்பதைக் கல்தான் நினைவில் வைத்திருக்கிறது, அதுவும் ஒரு விற்பனை ஆவணத்தின் வறண்ட மொழியில்.

அந்தக் கல்வெட்டைப் படித்தபின் மீண்டும் முதல் அத்தியாயத்துக்குத் திரும்பினேன். ஏரிக்கரையில் புதுவெள்ளத்தைக் காணக் குடும்பம் குடும்பமாக மக்கள் கூடி மகிழ்கிறார்கள். பெரியநங்கைச் சாணியும் அக்கூட்டத்தில் எங்கோ இருந்திருப்பாள் என்று தோன்றியது. இனி அந்த அத்தியாயத்தை அவளைத் தேடாமல் என்னால் வாசிக்க இயலாது.