குணத்தை அளந்த வரலாறு

ஒருவரை ‘முன்கோபி’ என்றோ ‘சோம்பேறி’ என்றோ ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அத்தகைய சொற்களையே ஆராய்ச்சிப் பொருளாக்கினர் மனோதத்துவ அறிஞர்கள். குணத்தைக் குறிக்கும் சொற்கள் ஆங்கிலத்தில் ஆயிரத்துக்குக் குறையாமல் இருக்குமென 1884-ல் மதிப்பிட்டார், இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன். 1936-ல் அமெரிக்காவில் ஆல்போர்ட்டும் ஆட்பர்ட்டும் அகராதியைத் துருவி 17,953 சொற்களைத் திரட்டினர். அவற்றுள் நிலைத்த குணங்களைச் சுட்டுவன சுமார் 4,500. ரேமண்ட் காட்டெல் அவற்றைப் படிப்படியாக 16 கூறுகளாகச் சுருக்கினார். அமெரிக்க விமானப் படைக்காக ஆராய்ந்த டூப்ஸும் கிறிஸ்டலும், ஐந்து கூறுகளே மீண்டும் மீண்டும் புலப்படுவதை 1961-ல் அறிவித்தனர். பழகும் இயல்பு, இணக்கம், கடமையுணர்வு, மனக்கலக்கம், புதுமை நாட்டம் எனப் பின்னாளில் அவை வகுக்கப்பட்டன.

இதனால் பயன் யாது? பாரிக், மவுண்ட் ஆகிய இருவர் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, பலவகைத் தொழில்களிலும் திறமையோடு தொடர்புடைய குணம் கடமையுணர்வே என்று 1991-ல் காட்டினர். ஆயினும் அத்தொடர்பு மிதமானதே; வினாத்தாள் ஒன்றைக் கொண்டு ஒருவரது வாழ்வைத் தீர்மானித்தல் தகாது.

இவ்வைந்தும் எல்லாரிடமும் உண்டு, அளவே வேறு. வேலைக்கு ஆள் தேர்வோர் மட்டுமன்று, வேற்று மாநிலத்தில் வாழும் நாமும், ‘இம்மொழியார் இப்படித்தான்’ என்று சொல்லுமுன் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.