இறங்கும் விமானங்களுக்கு இடையே: கட்டுப்பாட்டாளரின் வேலைப்பளு – ஒரு வரலாற்று ஆய்வு

1935 டிசம்பரில் அமெரிக்காவின் நூவர்க் விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் சேர்ந்து ஒரு கட்டுப்பாட்டு அறையைத் தொடங்கின. மறு ஆண்டு ஜூலையில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. மேசைமேல் ஒரு வரைபடம். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு சிறு வில்லை. விமானியோடு நேராகப் பேச வழியில்லை. நிறுவனத்தின் வானொலி அலுவலர் தொலைபேசியில் சொல்வதைக் கேட்டு, வேகத்தையும் நேரத்தையும் கணக்கிட்டு, கட்டுப்பாட்டாளர் வில்லையைக் கையால் நகர்த்துவார்.

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் வரலாற்றைக் கருவிகளின் வளர்ச்சியாக எழுதுவதே வழக்கம். வேலைப்பளுவின் பக்கம் நின்று பார்த்தால் வேறொரு கதை கிடைக்கிறது. ஒரு கருவி சுமையை இறக்கிவைத்த ஒவ்வொரு முறையும் அந்த இடத்தைக் கூடுதல் விமானங்கள் நிரப்பின. ஒருவரால் ஒரே நேரத்தில் எத்தனை விமானங்களைக் கவனிக்க முடியும் என்ற கேள்வி விதிகளுக்குள் நுழைய நெடுங்காலம் பிடித்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ராடார் வந்தது. விமான நிலையத்தை நெருங்கும் விமானங்களுக்கு இடையே பொதுவாக 3 கடல் மைல், அல்லது உயரத்தில் 1,000 அடி என்ற அளவு நிலைத்தது. 1972 மே மாதம் டெக்சாஸின் ஃபோர்ட்வொர்த் அருகே, பெரிய டிசி-10 ஒன்றின் பின்னால் இறங்கிய டிசி-9 பயிற்சி விமானம், முன்சென்றது கிளப்பிய காற்றுச் சுழலில் கவிழ்ந்தது, நால்வர் மாண்டனர். அதன்பின் முன்செல்வதும் பின்வருவதும் என்ன எடை என்பதைப் பொறுத்து இடைவெளி மாறியது. கனமானதன் பின்னே இலகுவானது வந்தால் 6 மைல், கனமானதன் பின்னே கனமானது என்றால் 4 மைல். இறங்குவரிசையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு இணைக்கும் கட்டுப்பாட்டாளர் தனிக்கணக்குப் போட வேண்டியதாயிற்று.

1996 நவம்பர் 12 அன்று டெல்லியில் இறங்க வந்த கசகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி. எதிரே ஏறிக்கொண்டிருந்த சவுதி விமானத்துக்கு 14,000 அடி. வருவதற்கும் போவதற்கும் ஒரே வான்பாதை. திரையில் தெரிந்த புள்ளிகளில் உயரம் இல்லை. விமானி சொல்வதை நம்புவது ஒன்றே வழி. எதிரே சவுதியின் போயிங் வருவதைக் கட்டுப்பாட்டாளர் எச்சரித்தும், கசகஸ்தான் விமானம் தனக்குரிய உயரத்துக்குக் கீழே இறங்கியது. சர்க்கி தாத்ரி ஊருக்கு மேலே இரண்டும் மோதி 349 உயிர்கள் போயின. நீதிபதி லகோட்டி தலைமையில் விசாரணை நடந்தது. பின்னர் டெல்லியில் வரும் பாதையும் போகும் பாதையும் பிரிக்கப்பட்டன. உயரம் காட்டும் ராடாரும் வந்தது.

2002 ஜூலை 1 இரவு சூரிச் கட்டுப்பாட்டு அறையில் நடந்தது இன்னும் ஆழமான பாடம். பணியிலிருந்த இருவரில் ஒருவர் ஓய்வுக்குப் போயிருந்தார். அந்த வழக்கத்தை நிர்வாகம் அனுமதித்தே வந்தது. மற்றவர் இரண்டு மேசைகளையும் தனியாகப் பார்த்தார். பராமரிப்புக்காக முதன்மைத் தொலைபேசி இணைப்பு நிறுத்தப்பட்டிருந்தது. மாற்று இணைப்பும் பழுது. தாமதமாக வந்த ஓர் ஏர்பஸ்ஸை ஃப்ரீட்ரிஷ்ஸ்ஹாஃபனில் இறக்க வேண்டும். அந்த நிலையத்துக்கோ அழைப்பு போகவில்லை. அதிலேயே அவர் கவனம் சிக்கிக்கிடக்க, இன்னொரு திரையில் துபோலெவ் ஒன்றும் போயிங் ஒன்றும் ஒரே உயரத்தில் நெருங்கின. அவற்றைக் கண்ட ஜெர்மானியக் கட்டுப்பாட்டாளர்களின் அழைப்பும் சூரிச்சுக்குக் கிடைக்கவில்லை. மோதலுக்கு 43 வினாடி முன்பு சூரிச் கட்டுப்பாட்டாளர் துபோலெவை இறங்கச் சொன்னார். விமானத்திலிருந்த மோதல் தவிர்ப்புக் கருவியோ ஏறச் சொன்னது. இரு விமானங்களும் மோதி மாண்ட 71 பேரில் பெரும்பாலோர் குழந்தைகள்.

அன்று வானில் நெரிசல் இல்லை. விமானங்களின் எண்ணிக்கையை வைத்து மட்டும் வேலைப்பளுவை அளக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2007-இல் சுவிஸ் நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டு அறையை நடத்திய நிறுவனத்தின் நிர்வாகப் பொறுப்பிலிருந்த நால்வரைக் குற்றவாளிகள் என்றது.

அண்மைக்கால மாற்றங்கள் சுமை வந்து சேருமுன்பே அதைத் தணிக்கப் பார்க்கின்றன. ஐரோப்பாவில் ஒரு வான்பகுதியின் கொள்ளளவு நிரம்பும் எனத் தெரிந்தால், விமானம் புறப்படும் இடத்திலேயே நிறுத்தப்படுகிறது. லண்டன் ஹீத்ரோவுக்கு வரும் விமானங்களை 350 மைல் தொலைவிலேயே வேகம் குறைக்கவைக்கும் முறை 2014-இல் தொடங்கியது. அங்கேயே 2015 முதல் எதிர்க்காற்றின் வேகத்தைக் கணினி கணக்கிட்டு, மைலுக்குப் பதில் நேரத்தால் இடைவெளியைத் திரையில் குறித்துக் காட்டுகிறது; மனக்கணக்கு குறைந்தது, பலத்த காற்றிலும் கூடுதல் விமானங்கள் இறங்குகின்றன. இவ்வாறு மிச்சமாகும் கவனத்தை முழுவதும் கூடுதல் விமானங்களுக்கே செலவிட்டால் பழைய கதைதான் தொடரும். ஒரு தொலைபேசி இணைப்பு அறுந்தாலோ, ஒரு நாற்காலி காலியானாலோ, அந்த அறை ஏற்கும் விமானங்களின் எண்ணிக்கையும் அந்த நிமிடமே குறைக்கப்பட வேண்டும்.