கமரூன் அம்மையார் யாருக்காகப் படம் எடுத்தார்?

"சேர், போட்டோ எடுக்கிறது நமக்கா, மத்தவங்களுக்குக் காட்டவா?" என்று தரம் 10 பிள்ளை ஒன்று கேட்டது. எனக்கு உடனே பொகவந்தலாவை தேவாலய வளவில் அடக்கப்பட்டிருக்கும் ஜூலியா மார்கரெட் கமரூன் நினைவுக்கு வந்தார். நாம் பாடத்தில் படிக்கும் கோல்புறூக்–கமரூன் ஆணைக்குழுவின் அதே கமரூனுடைய மனைவிதான்.

1863இல் மகளும் மருமகனும் பொழுதுபோக்குக்காக ஒரு கமரா பரிசளித்தார்கள். அப்போது அவருக்கு 48 வயது. அம்மையார் அதோடு விடவில்லை. நூற்றுக்கணக்கான படங்களுக்குப் பதிப்புரிமை பதிந்தார், லண்டனில் காட்சிக்கு வைத்தார், விற்கவும் செய்தார். ஆக, காட்டத்தான் எடுத்தார். டார்வின், டெனிசன் என்று ஆளின் பெயரும் படத்தோடு போனது.

1875இல் கணவரோடு இலங்கை வந்தார். 1879இல் இங்கேயே மரணித்தார். இங்கு எடுத்தவற்றில் எஞ்சியவை 30க்கும் குறைவு. அதிகமானவற்றில் இருப்பவர்கள் தோட்டத் தொழிலாளர்களும் உள்ளூர் ஆட்களும். டார்வினுக்குப் பெயர் இருந்தது. இவர்களுக்கு 'களுத்துறை விவசாயிகள்' என்பது மாதிரி ஒரு குறிப்புத்தான். படங்கள் இன்று வெளிநாட்டு நூதனசாலைகளில்.

இதைச் சொன்னதும் மறுநாள் அந்தப் பிள்ளை தன் உம்மம்மாவின் பழைய கலியாணப் படத்தைக் கொண்டுவந்தது. ஐந்து பேர் நிற்கிறார்கள். வீட்டில் இரண்டு பேரின் பெயர்தான் தெரியுமாம்.