தில்லியின் நுழைவாயிலில் கட்டுரை

தில்லியில் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் மாணவர் ஒருவர் இன்று இரண்டு வாயில்களின் முன் நிற்கிறார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பவராயின், பல நூறு கல்லூரிகள் ஏற்கும் பொது விண்ணப்பத்திற்காகத் தன்னைப் பற்றி 650 சொற்களுக்கு மிகாத ஒரு கட்டுரை எழுத வேண்டும். தில்லிப் பல்கலைக்கழகத்தில் சேர விரும்புபவராயின், பெரும்பாலான இளங்கலைப் படிப்புகளுக்கு ஒரு வாக்கியம்கூட எழுத வேண்டியதில்லை. 2021 வரை அங்குப் பள்ளி இறுதித் தேர்வின் மதிப்பெண்ணே அளவுகோலாக இருந்தது. அவ்வாண்டு சில கல்லூரிகளில் சில பாடங்களுக்கான வரம்பு 100 விழுக்காட்டைத் தொட்டது. 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு வந்தது. தரப்பட்ட விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்வதே அத்தேர்வு கோரும் பணி.

இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்ட மூன்றாவது வாயில் ஒன்று தில்லியிலேயே பல பத்தாண்டுகள் திறந்திருந்தது. அதை நினைவிற்கொள்ளாமல் விண்ணப்பக் கட்டுரை எழுதும் திறனைப் பற்றிப் பேசுவது முழுமை பெறாது.

முதலில் அமெரிக்கக் கட்டுரையின் பிறப்பைக் காண்போம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்வர்டு, கொலம்பியா போன்ற நிறுவனங்கள் பெரிதும் பாடத்தேர்வின் அடிப்படையிலேயே மாணவர்களைச் சேர்த்தன. குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் அத்தேர்வுகளில் சிறந்து விளங்கினர். 1922-இல் ஹார்வர்டின் புதுமாணவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேற்பட்டோர் யூதர்களாக இருந்தனர். அப்பல்கலைக்கழகத்தின் தலைவர் லாரன்ஸ் லோவெல் யூதர்களின் எண்ணிக்கைக்கு வெளிப்படையான வரம்பு விதிக்க முயன்றார். ஆசிரியர்கள் அதை ஏற்கவில்லை. வெளிப்படையாகச் செய்ய இயலாததை மறைமுகமாகச் செய்ய 'குணநலன்' என்னும் அளவுகோல் துணை நின்றது. புகைப்படம், பரிந்துரைக் கடிதம், நேர்காணல், விண்ணப்பதாரர் தன்னைப் பற்றித் தரும் விவரம் ஆகியன சேர்க்கை முறையில் வேரூன்றியது இக்காலத்தில்தான். சமூகவியலாளர் ஜெரோம் கராபெல் 2005-இல் வெளியிட்ட ஆய்வு நூல் இவ்வரலாற்றை விரிவாகப் பதிவு செய்கிறது. 'நீ என்ன அறிவாய்?' என்ற கேள்வியுடன் 'நீ யார்?' என்ற கேள்வியும் சேர்ந்ததற்குக் கல்வியல்லாத காரணமும் இருந்தது.

அதே கருவி பிற்காலத்தில் எதிர்த்திசையிலும் பயன்பட்டது. ஒதுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வருவோர் தம் சூழலை எடுத்துரைக்கும் இடமாகவும் கட்டுரை மாறியது. 2023 ஜூன் மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன அடிப்படையிலான சேர்க்கை முன்னுரிமையைத் தடை செய்தபோது, இனம் தன் வாழ்வை எவ்வாறு பாதித்தது என்பதை ஒருவர் கட்டுரையில் எழுதுவதற்குத் தடையில்லை என்றும் கூறியது. இதன் விளைவாகச் சமூக நீதியின் சுமை பதினேழு வயது மாணவரின் உரைநடைத் திறன்மீது இறங்கியது. துயரம் இருந்தால் போதாது. அதை நன்றாக எழுதவும் தெரிய வேண்டும்.

இனி தில்லியின் மூன்றாவது வாயிலுக்கு வருவோம். 1969-இல் தொடங்கப்பட்ட ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் நாடெங்கும் மையங்கள் அமைத்து நுழைவுத் தேர்வு நடத்தியது. வரலாறு போன்ற சமூக அறிவியல் துறைகளின் முதுகலைத் தேர்வில் மாணவர்கள் சில வினாக்களைத் தெரிவு செய்து கட்டுரை வடிவில் விடை எழுதினர். மனப்பாடம் அங்கு அதிகம் உதவவில்லை. ஒரு கருத்தை முன்வைத்துச் சான்று காட்டி, மறுப்பையும் எதிர்கொள்ளத் தெரிந்தவரே தேறினார். எழுதியவரின் முகத்தையோ உச்சரிப்பையோ மதிப்பிடுவோர் அறியவில்லை.

இத்துடன் இணைந்திருந்த இன்னொரு ஏற்பாடு மிக முக்கியமானது. மாணவர் போராட்டங்களின் பயனாக 1970-களில் உருவாகி, 1983-இல் கைவிடப்பட்டு, 1990-களின் முற்பகுதியில் மீண்ட பின்தங்கிய நிலைக்கான கூடுதல் மதிப்பெண் முறையே அது. பெண்களின் எழுத்தறிவு, வேளாண் தொழிலாளர் விகிதம் முதலிய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தரவுகளைக் கொண்டு மாவட்டங்கள் தரம் பிரிக்கப்பட்டன. பின்தங்கிய மாவட்டத்திலிருந்து வந்தவருக்கும் பெண்களுக்கும் இந்த மதிப்பெண் கிடைத்தது. சட்டப்படியான இடஒதுக்கீட்டுக்கு மேலாக இது செயல்பட்டது.

இவ்விரண்டு ஏற்பாடுகளின் சேர்க்கையில் ஓர் ஆழ்ந்த கண்ணியம் இருந்தது. மாணவரின் சமூகச் சூழலைப் படிவமும் புள்ளிவிவரமும் பேசின. ஆகவே அவருடைய கட்டுரை சிந்தனையை மட்டும் பேசினால் போதுமாயிற்று. நிலமற்ற வேளாண் தொழிலாளியின் மகள் தன் வறுமையை விவரித்து இரக்கம் தேட வேண்டியிருக்கவில்லை. அவள் நிலவுடைமையைப் பற்றியோ பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றியோ வாதிடலாம். அமெரிக்க முறை ஒரே கட்டுரையின்மீது ஏற்றும் இரண்டு சுமைகளை இம்முறை தனித்தனியே பிரித்து வைத்தது.

எழுத்துத் தேர்வின் மதிப்பு நேர்முகத் தேர்வுடன் ஒப்பிடும்போது இன்னும் தெளிவாகும். ஆய்வுப் படிப்புச் சேர்க்கையில் அங்கு எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்முகத் தேர்வுக்கு 30 என மதிப்பெண்கள் பகுக்கப்பட்டிருந்தன. பேராசிரியர் அப்துல் நாஃபே தலைமையிலான குழு 2016-இல் இவற்றை ஆராய்ந்தது. எழுத்திலும் நேர்முகத்திலும் பெற்ற மதிப்பெண்களுக்கு இடையிலான வேறுபாடு சமூகப் பிரிவுகளையொட்டித் தொடர்ந்து அமைந்திருப்பதையும், அது பாகுபாட்டைச் சுட்டுவதையும் குழு எடுத்துக்காட்டி, நேர்முகத்தின் பங்கை 15-ஆகக் குறைக்கப் பரிந்துரைத்தது. எழுதிய தாளில் தெரியாத சாதியும் வட்டாரமும் நேருக்கு நேர் அமரும்போது தெரிந்துவிடுகின்றன.

2019-இல் அந்நுழைவுத் தேர்வு கணினிவழிக் கொள்குறி வினாக்களுக்கு மாறியது. விரைவு, சீர்மை, மதிப்பீட்டாளரின் விருப்புவெறுப்பைத் தவிர்த்தல் என்பன இதற்குரிய நியாயங்கள். அவற்றை எளிதில் புறந்தள்ள இயலாது. கையெழுத்து விடைகளைத் திருத்துவோர் அனைவரும் ஒரே அளவில் மதிப்பிடுவதில்லை. ஆயினும் ஆசிரியர்கள் பலர் எதிர்த்ததற்கு வலுவான காரணம் இருந்தது. ஆய்வாளராக வேண்டியவர் வாழ்நாள் முழுதும் செய்யப்போகும் பணி எழுதுவது. அதனைச் சோதிக்காத தேர்வு எதைத் தெரிவு செய்கிறது? மேலும், தேர்வில் கேட்கப்படாதது வகுப்பறையிலிருந்தும் மெல்ல வெளியேறும்.

கட்டுரைத் தேர்வு ஆங்கிலம் அறிந்தோருக்கே சாதகம் என்னும் வாதமும் உண்டு. அது கட்டுரையின் குறையன்று, மொழிக் கொள்கையின் குறை. இதற்குச் சான்றும் தில்லியிலேயே உள்ளது. ஷாஜகான் சாலையிலிருந்து இயங்கும் மத்தியத் தேர்வாணையம் குடிமைப் பணித் தேர்வில் 1993-இல் கட்டுரைத் தாளைச் சேர்த்தது. அதை அரசமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் எழுதலாம். தமிழில் கட்டுரை எழுதி மாவட்ட ஆட்சியராகும் வழி திறந்திருக்கிறது. தமிழில் கட்டுரை எழுதித் தலைநகரப் பல்கலைக்கழகம் ஒன்றின் வரலாற்றுத் துறையில் நுழையும் வழிதான் இல்லை.

எழுத்துத் திறனை வளர்க்க விரும்பும் மாணவருக்கு இவ்வரலாறு சில நடைமுறைப் பாடங்களைத் தருகிறது. வினா எதைக் கேட்கிறது என்பதை முதலில் தம் சொற்களில் ஒரு வரியில் எழுதிப் பார்ப்பது பயன் தரும். பின் தம் விடையையும் ஒரு வரியில் எழுத வேண்டும். அந்த வரி பிறக்கும்வரை கட்டுரை பிறக்காது. தன்னைப் பற்றிய கட்டுரையிலும் இதுவே முறை. 'கடினமாக உழைத்தேன்' என்னும் வாக்கியம் எவருக்கும் பொருந்தும். வாரந்தோறும் மாவட்ட நூலகத்துக்குப் பேருந்தில் சென்ற மாணவர், அங்குப் படித்த ஒரு நூல் தம் எந்தக் கருத்தை மாற்றியது என்று எழுதினால், அது அவருக்கு மட்டுமே உரியதாகும். படிப்பவர் மனத்தில் தங்குவது பயணத்தின் துன்பத்தைவிட அந்தக் கருத்து மாற்றமே. எழுதியதை இரண்டு நாள் கழித்து உரக்கப் படித்து, சான்றில்லாத அடைமொழிகளை நீக்குவது அடுத்த படி.

ஆனால் இவற்றைத் தனியாகக் கற்பது அரிது. தில்லிக் கல்லூரிகளில் சிறுகுழு வகுப்புகள் என்றொரு மரபு உண்டு. மாணவர் கட்டுரை எழுதி வருவார்; ஆசிரியர் ஓரங்களில் குறிப்பெழுதித் திருப்பித் தருவார்; மாணவர் மீண்டும் எழுதுவார். வகுப்புகள் பெருகி ஆசிரியர்கள் போதாதபோது முதலில் சுருங்குவது இதுவே. வசதி படைத்தோர் அதே பணியைத் தனிப் பயிற்சியாளரிடம் கட்டணம் செலுத்திப் பெற்றுக்கொள்கின்றனர். ஏனையோருக்கு அது கிடைக்கக்கூடிய இடம் பொதுக் கல்லூரியின் வகுப்பறை ஒன்றே. அங்கு ஓரக் குறிப்புகளுடன் திரும்பி வரும் ஒரு தாள், எந்தச் சேர்க்கைக் கொள்கையும் தர இயலாத ஒன்றை அவர்களுக்குத் தருகிறது.