ஒரு வானொலி நாடகமும் நேயர்களின் கேள்வியும்

லயத்தில் ஒரு வீட்டில் பாட்டரி வானொலி இருந்தால் போதும், நாடகம் தொடங்கும் நேரத்துக்கு அக்கம்பக்கத்தார் எல்லாரும் அந்த வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அந்தக் காலத்தைக் கண்டவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். கதை புரியாமல் முடிந்துவிட்டாலோ, மறுநாள் பால்மரம் வெட்டும்போதும் அதே வழக்குத்தான். "அவள் செத்தாளா, பிழைத்தாளா?" அப்படிப்பட்ட வழக்கு ஒன்றுக்கு வானொலி நிலையமே பதில் சொல்லவேண்டி வந்த வரலாறு அமெரிக்காவில் உண்டு.

1943ஆம் ஆண்டு மே 25ஆம் நாள், ஸி.பி.எஸ். நிலையம் 'ஸஸ்பென்ஸ்' என்ற அரை மணி நேர நிகழ்ச்சியில் 'ஸாரி, ராங் நம்பர்' என்னும் நாடகத்தை ஒலிபரப்பியது. எழுதியவர் லூசில் பிளெட்சர் என்ற பெண்மணி. நடித்தவர் ஆக்னஸ் மூர்ஹெட். பெரும்பகுதி அவர் ஒருவரின் குரல்தான்.

கதை இதுதான். நோயாளியான ஒரு பணக்காரி இரவில் தனியாகப் படுக்கையில் கிடக்கிறாள். கணவனின் ஆபீசுக்குத் தொலைபேசியில் கூப்பிடுகிறாள். அந்நாளில் தொலைபேசிக் கம்பிகள் கலந்துவிடுவது உண்டு. வேறு யாரோ பேசுவது நம் காதில் விழும். அப்படித்தான் இரண்டு ஆண்கள் பேசுவது அவளுக்குக் கேட்கிறது. அன்று இரவு 11.15க்கு ஒரு பெண்ணைக் கொல்லப் போகிறார்கள். பாலத்தின்மேல் ரயில் போகும் நேரம் அது. அலறல் வெளியே கேட்காது. பதறிப்போனவள் தொலைபேசி நிலையத்துப் பெண்ணிடம் சொல்கிறாள், போலீசிடம் சொல்கிறாள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நேரம் நெருங்க நெருங்கத்தான், சாகப்போகிறவள் தானே என்பது அவளுக்குப் புரிகிறது.

அவளை யாரும் நம்பாததற்குக் காரணம் உண்டு. அவள் பேச்சு அப்படி! எல்லாரையும் அதட்டுகிறாள், குறை சொல்கிறாள். நோயுற்ற தம் குழந்தைக்குப் பால் வாங்கக் கடைக்குப் போனபோது, அங்கே சிடுசிடுத்த ஒரு சீமாட்டியிடமிருந்துதான் இந்தப் பாத்திரம் பிறந்தது என்று பிளெட்சர் கூறியிருக்கிறார். கேட்கிற நமக்கும் அவள்மேல் எரிச்சல் வருகிறது. கடைசியில், அந்தப் போலீஸ்காரரைப் போல நாமும் அவளைச் சரியாகக் கேட்கவில்லையே என்று உறுத்துகிறது. இந்த நாடகத்தின் பலம் கொலையில் இல்லை, இந்த உறுத்தலில்தான் இருக்கிறது என்பது நம் கருத்து.

அக்காலத்தில் இத்தகைய நாடகங்களை முன்கூட்டி ஒலிப்பதிவு செய்து ஒலிபரப்புவதில்லை, நேரடியாகவே நடிப்பார்கள். கிழக்குக் கரையினருக்கு ஒரு முறை, மேற்குக் கரையினருக்குச் சில மணி நேரம் கழித்து மறுமுறை. கிழக்குக் கரை ஒலிபரப்பில், முடிவை விளக்கும் முக்கியமான ஒரு வரி தப்பான நேரத்தில் வாசிக்கப்பட்டுவிட்டது. மேடையாக இருந்தால் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். வானொலியில் காது ஒன்றுதானே துணை! நேயர்கள் குழம்பிப்போனார்கள்.

1938 அக்டோபர் 30ஆம் நாள் செவ்வாய்க் கிரகத்தார் படையெடுத்த நாடகத்தைக் கேட்டு நாடே தெருவுக்கு ஓடியதாகப் பத்திரிகைகள் எழுதியதுண்டு. அது பெரிதும் ஊதிவிடப்பட்ட செய்தி என்று பின்னாளைய ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். இந்த முறை அப்படி ஓட்டமும் இல்லை, கூச்சலும் இல்லை. முடிவு என்ன என்ற கேள்வி ஒன்றுதான்.

நிலையத்தார் அதை அலட்சியம் செய்யவில்லை. அடுத்த வார நிகழ்ச்சியிலேயே, ஒரு வரி இடம் மாறிவிட்டதை ஒப்புக்கொண்டு, அவள் கொல்லப்பட்டாள் என்றும், கொலைக்கு ஆள் வைத்தவன் கணவனே என்றும் விளக்கினார்கள். அதோடு போகாமல், நேயர்கள் விரும்பிக் கேட்டதால் ஆகஸ்ட் 21ஆம் நாள் முழு நாடகத்தையும் மீண்டும் நடித்தார்கள்.

1948இல் இது பார்பரா ஸ்டான்விக் நடித்த திரைப்படமாகவும் வந்தது. ஆயினும் வானொலி நேயர்களுக்கு மூர்ஹெட்டின் குரலே வேண்டியிருந்தது. 1960 வரை மொத்தம் எட்டு முறை அவர் அதே நிகழ்ச்சியில் இதை நடித்தார். முடிவு இன்னதென்று தெரிந்த பிறகும் ஜனங்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.